சொந்தக் காரை விற்கும்போது என்ன விலை சொல்வது? தருமபுரிச் சந்தைக்கு ஒரு கணக்கு

பழைய கார் ஒன்றுக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் இருக்கும். விளம்பரத்தில் போடுவது சொல்லும் விலை. பேரம் பேசி முடித்துப் பணம் கைமாறுவது முடியும் விலை. கன்சல்டிங் கடையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்கள் தருவதாகச் சொல்வது கடை விலை. கடைக்காரர் வாங்கும் விலைக்கும் அதே வண்டியை அவர் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் தொகை தன் கையில் நிற்கட்டும் என்பதற்காகத்தான் ஒருவர் நேரடியாக விற்க முன்வருகிறார். அந்தத் தொகை நிற்பதும் கரைவதும் சொல்லும் விலையைப் பொறுத்தது.

குறைத்துச் சொன்னால் நட்டம் அன்றைக்கே தெரிந்துவிடும். கூட்டிச் சொன்னால் வரும் நட்டம் மெதுவாக வருகிறது. முதல் வாரம் போன் வராது. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடியும். ஓடாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும். ஆண்டு மாறினால் வண்டிக்கு ஒரு வயது கூடும். கடைசியில், முதலில் கேட்டு வந்தவர் சொன்ன தொகைக்கும் கீழே விற்க நேரிடும். நிலமும் வீடும் நகையும் போக, பல குடும்பங்களில் பெரிய உடைமை கார்தான். அதை விற்கும் பணம் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ காத்திருக்கும்போது, சரியான விலையைக் கணக்கிட ஒரு வாரம் செலவழிப்பது வீண் வேலை ஆகாது.

சந்தை எதுவரை?

தருமபுரி மாவட்டத்து வண்டிகளின் எண் டி.என். 29. ஆனால் ஒரு காரின் சந்தை மாவட்ட எல்லையோடு நின்றுவிடாது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நான்கையும் தேசிய நெடுஞ்சாலை 44 ஒரே கோட்டில் இணைக்கிறது. பாலக்கோட்டில் கார் தேடுகிறவர் காலையில் கிளம்பி ஓசூரில் ஒன்றையும் சேலத்தில் ஒன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். எனவே தன் தெருவில் இதுபோல் வண்டி வேறு இல்லை என்பது விலையைக் கூட்டக் காரணமாகாது. டி.என். 24 கிருஷ்ணகிரி வண்டியும் டி.என். 70 ஓசூர் வண்டியும் சேலத்து வண்டிகளும் போட்டியில் இருக்கின்றன.

பெங்களூரு வண்டிகள் தனி வகை. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புவோர் கொண்டுவரும் கே.ஏ. எண் கார்கள் விளம்பரத்தில் மலிவாகத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலப் பதிவு கொண்ட வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்குள்ள பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குக் கர்நாடகத்தில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப சாலை வரி கட்ட வேண்டும், கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் தனியே விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். இந்தச் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில் விழுவதால் அவர் முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். டி.என். 29 வண்டியை விற்பவர் கே.ஏ. வண்டியின் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கே.ஏ. வண்டியை விற்பவர் டி.என். 29 விலையை எதிர்பார்க்கவும் கூடாது.

மேல் எல்லை: இன்றைய புது வண்டி

பழைய காரின் விலைக்கு மேல் எல்லை போடுவது அதே ரகப் புது வண்டியின் இன்றைய ஆன்-ரோடு விலை. தான் வாங்கிய அன்று கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடுவதுதான் விற்பவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு. வாங்குபவருக்கு அந்தப் பழைய ரசீதால் ஒரு பயனும் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே எடுத்துவிடலாமே’ என்பதுதான் அவர் மனக்கணக்கு.

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ சமீபத்தில் இரண்டு முறை மாறியிருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு புதுக் கார்களின் ஆயுள் வரியை உயர்த்தியது. முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதமாக இருந்த வரி, 5 லட்சம் வரை 12 சதவீதமாகவும் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதமாகவும் ஆனது. 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். புது வண்டி விலை ஏறியதால் பழைய வண்டிக்கு அது ஒரு தாங்கு. அடுத்து 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் கொண்ட பெட்ரோல் காருக்கு அதுவரை செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது.

இந்தக் குறைப்பின் அளவைக் கணக்கிட்டே பார்க்கலாம். பழைய வரியோடு ஷோரூம் விலை 7 லட்சமாக இருந்த கார், புது வரியில் ஏறக்குறைய 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வரும். ஆயுள் வரியும் அந்தக் குறைந்த தொகை மீதே கணக்கிடப்படுவதால், ஆன்-ரோடில் மொத்தம் 67 ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்குகிறது. 2025 தொடக்கத்தில் நண்பர் ஒருவர் இதே மாதிரி வண்டியை நல்ல விலைக்கு விற்றார் என்பது இன்று செல்லுபடியாகாத தகவல். ஆகவே முதல் வேலை, ஷோரூமில் இன்றைய ஆன்-ரோடு விலையைக் கேட்டு எழுதிக்கொள்வது. பண்டிகைத் தள்ளுபடியும் ஆண்டுக் கடைசித் தள்ளுபடியும் இருந்தால் அவற்றையும் கழித்தே எழுத வேண்டும்.

அந்த ரகமே இப்போது விற்பனையில் இல்லை என்றால் கணக்கு வேறு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் மறு ஆண்டு உற்பத்தி ஓய்ந்தது. ஷெவர்லே விற்பனை 2017 கடைசியோடு நின்றது. இப்படிப்பட்ட வண்டிகள் ஓட்டத்தில் நன்றாக இருந்தாலும், உதிரிபாகத்துக்கும் சர்வீசுக்கும் எங்கே போவது என்ற கேள்வியோடுதான் ஆள் வருவார். மாருதி ஆம்னி கதை வேறு. 2019இல் உற்பத்தி நின்றாலும் எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துச் சேர்த்துவிடுவார் என்பதால் அதற்குத் தேவை உடனே போய்விடவில்லை. சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதற்கும் ஒரு விலை உண்டு.

கீழ் எல்லை: கன்சல்டிங் சொல்லும் தொகை

இரண்டு மூன்று கன்சல்டிங் கடைகளில் வண்டியைக் காட்டி விலை கேட்பதற்குச் செலவில்லை. கார் வாங்கும் இணைய நிறுவனங்களிடமும் ஒரு விலை வாங்கி வைக்கலாம். அவர்கள் குறைத்துக் கேட்பதில் வியப்பில்லை. வாங்கிய வண்டியைத் தட்டி, பெயிண்ட் அடித்து, விற்கும்வரை முதலை முடக்கி வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். தனியாள் தன் சொந்தக் காரை விற்றால் அந்த வரி கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் மூலதன ஆதாய வரியும் கிடையாது.

கடைகள் சொன்னவற்றில் உயர்ந்த தொகைதான் கீழ் எல்லை. நாளைக் காலையே கைக்கு வரக்கூடிய பணம் அது. நேரடி விற்பனையில் அதைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தால், அலைச்சலைத் தவிர்த்துக் கடைக்கே கொடுப்பதில் தவறில்லை.

நடுவில்: ஒப்பிட வேண்டிய வண்டிகள்

மேலும் கீழும் தெரிந்த பிறகு நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களிலும் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே மாடல், அதே எரிபொருள், ஓராண்டு முன்பின் வயது கொண்ட வண்டிகளைத் தேடி, ஐந்து முதல் பத்து வரை குறித்துக்கொள்வது நல்லது. விலையோடு கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், எந்த ஊர், விளம்பரம் போட்ட தேதி ஆகியவற்றையும் எழுத வேண்டும். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் விலை, யாரும் கொடுக்க விரும்பாத விலை. அதை ஓரமாக வைத்துவிடலாம். மீதியை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை நம்பகமானது. அதுவும் சொல்லும் விலைதான், முடிந்த விலை இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். சமீபத்தில் வாங்கிய அல்லது விற்ற ஒருவரிடமோ பழகிய மெக்கானிக்கிடமோ கேட்டால், முடிந்த விலை எவ்வளவு கீழே நிற்கிறது என்பது தெரியவரும்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் இருக்கும் ஐ.டி.வி. தொகையைக் காட்டி ‘கம்பெனியே இவ்வளவு மதிப்புப் போட்டிருக்கிறது’ என்று வாதிடுவோர் உண்டு. அந்தத் தொகை வண்டியின் வயதை மட்டும் பார்த்து, ஒரே அட்டவணைப்படி தேய்மானம் கழித்து வருவது. ஓராண்டு முடிந்து இரண்டுக்குள் 20 சதவீதம், மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைப்பது. வண்டி திருடுபோனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. நன்றாகப் பராமரித்த வண்டிக்கும் அடிபட்ட வண்டிக்கும் அதே சதவீதம்தான்.

கூட்ட வேண்டியவை, கழிக்க வேண்டியவை

நடுப்புள்ளி கிடைத்ததும் தன் வண்டியை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும்.

வயது: ஆர்.சி.யில் உற்பத்தி மாதமும் பதிவுத் தேதியும் தனித்தனியே இருக்கும். 2018 டிசம்பரில் உற்பத்தியாகி 2019 ஜனவரியில் பதிவான வண்டியை விற்பவர் 2019 என்பார், வாங்குபவர் 2018 என்பார். விளம்பரத்திலேயே இரண்டையும் சொல்லிவிட்டால் பேரத்தில் ஒரு சண்டை குறையும். 15 ஆண்டு நெருங்கும் வண்டிக்கு எஃப்.சி. செலவும் புதுப்பிப்புச் செலவும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம் வந்தது, முன்பு அது 600 ரூபாய். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து முடித்த வண்டிக்கு அந்த அளவுக்குக் கூடுதல் கேட்பது நியாயம்.

கிலோமீட்டர்: ஓட்டம் கம்மி என்பது சர்வீஸ் ரசீதோடு சேர்ந்தால்தான் மதிப்பு. மீட்டரைத் திருப்புவது நடப்பதால், வெறும் எண்ணை யாரும் நம்புவதில்லை.

ஓனர்: சிங்கிள் ஓனர் வண்டிக்கும் மூன்றாம் ஓனர் வண்டிக்கும் ஒரே நிலையிலும் விலை வேறு. ஒகேனக்கல் சுற்றுலாவுக்கு மஞ்சள் போர்டில் ஓடிச் சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டி அதைவிடக் கீழே நிற்கும்.

அடி: பம்பரில் உரசல் சின்ன விஷயம். பில்லரோ சேசிஸோ தட்டி நிமிர்த்திய வண்டி வேறு இனம். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் வழியாகப் போய்வரும் ஊர்க்காரர்களுக்கு விபத்து வண்டியைப் பார்க்கும் கண் கூர்மை. கதவு ரப்பரை இழுத்துப் பார்க்காமல் அவர்கள் விலை பேசுவதில்லை.

தண்ணீர்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது பக்கத்து ஊத்தங்கரையில் சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. சென்னையில் 2015இலும் 2023இலும் கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டியை மறைத்து விற்பது, வாங்குபவரின் குடும்பத்தை ஓடும் வண்டியில் ஆபத்தில் வைப்பது. விலையைக் குறைத்துச் சொல்லிக் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

டயர், பேட்டரி, ஏ.சி.: இவற்றுக்குக் கடை விலை எல்லோருக்கும் தெரியும். டயர் தேய்ந்திருந்தால் புது டயரின் முழு விலையை வாங்குபவர் கழிப்பார். ஆனால் விற்பதற்காகவே புது டயர் போட்டால் அந்த முழுத் தொகையும் திரும்பாது. தேய்ந்ததை ஒத்துக்கொண்டு விலையில் கழிப்பதே மேல். எரியாத விளக்கு, குளிராத ஏ.சி., சின்ன டிங்கரிங், உள்ளே நல்ல சுத்தம் ஆகியவை மட்டும் செலவைவிட அதிகம் திருப்பித் தரும். மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல் ஆகியவற்றில் போட்ட பணத்தை மறந்துவிடுவது நல்லது.

ஒரு மாதிரிக் கணக்கு

2019இல் பதிவான டி.என். 29 பெட்ரோல் ஹேட்ச்பேக், சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் முறையை விளக்குவதற்கான கற்பனை எண்கள். ஒப்பிட்ட ஐந்து விளம்பரங்களில் விலை 4.60, 4.75, 4.80, 4.95, 5.40 லட்சம். நடுவில் நிற்பது 4.80. பேரத்தில் இந்த ரகம் 20 ஆயிரம் இறங்குகிறது என்று விசாரித்ததில் தெரிந்தால், முடியும் விலை 4.60. நான்கு டயரும் மாற்ற வேண்டியிருக்கிறது, 18 ஆயிரம் கழித்தால் 4.42. இன்சூரன்ஸ் இன்னும் பத்து மாதம் இருப்பதற்கு 5 ஆயிரம், முழு சர்வீஸ் ரசீதுக்கு 8 ஆயிரம் கூட்டினால் 4.55 லட்சம். கன்சல்டிங் உச்சமாகச் சொன்னது 4.10.

இப்போது மூன்று எண்களைத் தாளில் எழுதிவிடலாம். சொல்லும் விலை 4.75. எதிர்பார்க்கும் விலை 4.55. இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற விலை 4.40. மூன்றாவது எண் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆள் வந்து நிற்கும்போது அதை யோசிக்கத் தொடங்கினால், பேரத்தின் வேகத்தில் தவறு நேரும்.

பேரத்துக்கு எவ்வளவு இடம், எவ்வளவு காலம்

‘ஃபிக்ஸட்’ என்று போட்டால் தருமபுரியில் ஆள் வரத் தயங்குவார். குறைக்காமல் வாங்கிவந்தேன் என்று வீட்டில் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதே நேரம் ஐம்பதாயிரம் குறைப்பதற்காகவே ஐம்பதாயிரம் கூட்டி வைத்தால், பட்ஜெட் போட்டுத் தேடுகிறவரின் கண்ணிலேயே வண்டி படாது. ஐந்து லட்சத்துக்குள் தேடுகிறவருக்கு 5.05 லட்சம் வண்டி தெரியாது, 4.95 தெரியும். எதிர்பார்க்கும் விலைக்கு மேல் நூற்றுக்கு நான்கைந்து ரூபாய் இடம் வைத்தால் போதும். போனிலேயே ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்பவருக்கு ‘வண்டியைப் பாருங்க, பார்த்துட்டுப் பேசலாம்’ என்பதே தகுந்த பதில். வண்டியைப் பார்க்காதவரிடம் இறங்கிய விலை, பார்க்க வந்தபின் அவருக்குத் தொடக்க விலையாகிவிடும்.

கடனில் வாங்குபவர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. வங்கி தன் மதிப்பீட்டாளர் சொன்ன தொகையில் ஒரு பகுதிக்குத்தான் கடன் தரும். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ஆயிரமும் வாங்குபவர் கைப்பணத்திலிருந்து வர வேண்டும்.

காலமும் விலைதான். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்குவதைப் பலர் தள்ளிப்போடுவார்கள். ஆடிப்பெருக்கு ஒரு விதிவிலக்கு. ஆவணி, ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை, பிறகு தை என்று தேவை எழும். பாலக்கோட்டில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தாலும், மாங்காய்ப் பணம் கைக்கு வந்தாலும் விசாரிப்பு கூடும். அவசரம் இல்லாதவர் அதற்கேற்ப விளம்பரம் போடலாம். போட்டு இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் நேரில் வராவிட்டால் விலை அதிகம். பலர் வந்து பார்த்தும் யாரும் தொகை சொல்லாவிட்டால், வண்டியின் நிலை விளம்பரத்தோடு ஒத்துப்போகவில்லை. முதல் நாளே மூன்று பேர் அட்வான்ஸ் தர முன்வந்தால் விலை குறைவு.

நம்பிக்கையும் காகிதமும்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அது ஒரு முக்கியக் காரணம். அவர் காட்டிய உண்மை எளியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே அவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே தருவார், நல்ல வண்டி வைத்திருப்பவர் நட்டப்படுவார். நல்ல வண்டிக்கு நல்ல விலை வேண்டுமானால் அது நல்லது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். சர்வீஸ் ரசீதுகள், அசல் ஆர்.சி., இரண்டு சாவிகள், நிலுவை அபராதம் இல்லை என்று காட்டும் அரசின் பரிவாகன் தளப் பதிவு, வாங்குபவரின் மெக்கானிக் சோதிக்கத் தடையில்லை என்ற ஒரு சொல் ஆகியவை சராசரிக்கு மேல் கேட்கும் உரிமையைத் தருகின்றன.

கடன் முடிந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கொடுத்து ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷனை (ஹெச்.பி.) நீக்கிய பிறகு விளம்பரம் போடுவது நல்லது. ஹெச்.பி. நிற்கும் வண்டிக்கு அந்த வேலையைக் காட்டியே விலை குறைப்பார்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். அதற்கான சான்றை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால் மூன்றாண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். ஆகவே அதை விலையில் சேர்க்க முடியாது.

அட்வான்ஸ் வாங்கும்போது மொத்த விலை, மீதி, கடைசித் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம். எனவே பெரும்பகுதி வங்கி வழியே வரட்டும்.

பணம் வந்ததும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தை விற்பவரே பின்தொடர வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் சட்டக் கடமை. வாங்குபவருக்கு 30 நாள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதன் கனத்தைக் காட்டும். அந்தக் கார் பலர் கை மாறியிருந்தது, ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் இருந்த உரிமையாளரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை மாற்றாமல் விட்டால், விற்று வாங்கிய தொகையைவிடப் பல மடங்கு பின்னால் கொடுக்க நேரலாம். டெலிவரி நோட்டில் வண்டி கொடுத்த தேதியும் நேரமும் எழுதி, வாங்குபவரின் அடையாள அட்டை நகல் வாங்கி, ஃபாஸ்டாகை முடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பாளையம் சுங்கச்சாவடியில் வேறொருவர் கடப்பதற்குப் பழைய கணக்கில் பணம் போகும். பரிவாகன் தளத்தில் புது உரிமையாளர் பதிவானதைப் பார்த்த பிறகே விற்பனை முழுமையாக முடிந்தது என்று கொள்ளலாம்.